‘மற்றவை’யில் ஒரு கணவர்

எங்கள் குடியிருப்பில் செயலாளர் தேர்தல் எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுவார். இந்த வழக்கம் தெரிந்ததாலேயே நான் வருடந்தோறும் தவறாமல் போய் முதல் வரிசையில் உட்காருவேன். போன வருடம் மட்டும், சொல்லிவிட்டிருந்த பஜ்ஜி வந்துவிட்டதா என்று பார்க்க மொட்டை மாடியிலிருந்து கீழே இறங்கினேன். பஜ்ஜிப் பொட்டலத்தோடு மேலே வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். பஜ்ஜிக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, லேசாகத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மயிலாப்பூரில் சாந்தோம் பக்கமாக, இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழைய நாலு மாடி எங்களுடையது. செயலாளர் பதவியோடு எனக்குக் கிடைத்தவை: எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவிக்கொத்து, தண்ணீர் மோட்டார் போடும் உரிமை, முந்தைய செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன ஓர் இன்டர்நெட் ஒப்பந்தம்.

ஒப்பந்தம் எங்கள் தெருவின் கேபிள்காரரோடு. அதற்கு முன்பு ஆளுக்கொரு கம்பெனியின் ஒயர் மொட்டை மாடியில் இடியாப்பம் மாதிரி கிடக்கும். முந்தைய செயலாளருக்கு இடியாப்பம் பிடிக்காது. அதனால் கட்டடத்துக்குள் இனி கேபிள்காரரின் ஒயர் மட்டுமே வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு கேட்டில் இலவசமாக ஒரு கேமரா. பதவியேற்ற மறுநாளே கேபிள்காரர் என்னைப் பார்க்க வந்தார்.

“இன்னா சார், மாட்டிக்கினியா?” என்று அனுதாபமாக விசாரித்துவிட்டுத் திட்டத்தை விளக்கினார். “மாசத்துக்கு இவ்ளோன்னு டேட்டா. அது முடிஞ்சா ஸ்பீடு கொறைஞ்சிடும். ஆனா படம் பாரு, மேட்ச் பாரு, எவ்ளோ வேணா பாரு, கணக்குலயே வராது. அதுக்குன்னு நம்ம கண்ட்ரோல் ரூம்ல தனி சர்வரே கீது.”

“மத்ததெல்லாம்?”

“மத்தது இன்னா சார் கீது?”

என் வாழ்க்கையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். படம், மேட்ச் போக மற்றது என்று பெரிதாக ஒன்றும் தென்படவில்லை. திருப்தியாக விடை கொடுத்து அனுப்பினேன். அவருடைய ஆப்பில் எனக்கென்று இரண்டு பட்டைகள் இருந்தன. ‘பொழுதுபோக்கு’ என்ற பச்சைப் பட்டை நீண்டுகொண்டே போகும், யாரும் கேட்க மாட்டார்கள். ‘மற்றவை’ என்ற சிவப்புப் பட்டை நகராமல் கிடக்கும். ஒழுங்கான குடிமகன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிவப்புப் பட்டை வேகமாக ஓடுகிற வீடு ஒன்று கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் ஒரு தாயும் மகளும். தாய், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை. தலைமுறை தலைமுறையாக சாந்தோம் கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். கட்டடத்தில் எல்லோருக்குமே அவர் டீச்சர்தான். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டிலிருந்தபடியே கல்யாண போட்டோக்களைத் திருத்தி அனுப்புகிற வேலை செய்தாள். மாப்பிள்ளையின் பருவை எடுப்பாள், மாமனாரின் முறைப்பைக் குறைப்பாள். அவளுடைய கணவருக்கும் காது கேட்காது. மஸ்கட்டில் ஓர் அச்சகத்தில் வேலை. இரண்டு பேரும் ஒரு கேரம் போட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தபோது சந்தித்துக்கொண்டவர்கள்.

ஒருநாள் சாயங்காலம் மேட்ச் சூடு பிடிக்கிற நேரத்தில் டீச்சர் படியேறி வந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

“தம்பி, என் மருமகன் முகம் அப்படியே நின்னு போச்சு.”

நான் பதறி எழுந்தேன். “ஐயோ! எந்த ஆஸ்பத்திரிம்மா?”

“போன்ல தம்பி, போன்ல.”

கீழே போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போன். அதற்குள் கணவர். ஒரு கை நெஞ்சுக்குப் பக்கத்தில், ஒரு கை காற்றில், புருவம் இரண்டும் மேலே ஏறி, ஏதோ முக்கியமான இடத்தில் உறைந்துபோயிருந்தார். திடீரென்று படம் கட்டம் கட்டமாகச் சிதறி மறுபடி கூடியது. அதற்குள் அவர் நாலு வாக்கியம் தாண்டிப் போய்விட்டிருந்தார் போலிருக்கிறது. மனைவி முகத்தில் ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பத்தைப் பிரயோகித்தேன். “ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று அவளிடம் உரக்கச் சொன்னேன். பதில் இல்லாததால் இன்னும் உரக்கச் சொன்னேன்.

“தம்பி, நீங்க கத்துறது எனக்குத்தான் கேக்குது” என்றார் டீச்சர். “எனக்கு நல்லாவே கேக்குது.”

மகள் சிரித்துவிட்டாள். இன்னொரு போனை எடுத்துத் தட்டச்சு செய்து காட்டினாள்: “ரௌட்டர் நல்லா இருக்கு சார். டேட்டா முடிஞ்சிடுச்சு. இன்னும் பாதி மாசம் இருக்கு.”

போட்டோ அனுப்புவது ‘மற்றவை’. வீடியோ காலும் ‘மற்றவை’. நமக்கு வீடியோ கால் என்பது, பேரனுக்குப் பல் முளைத்ததைப் பார்க்கிற உபரி வசதி. படம் நின்றால் குரலில் பேசிக்கொள்வோம். அவர்களுக்கு அந்தப் படம்தான் குரல். எழுதிக்கொள்ளலாமே என்று நானும் கேட்டேன். கணவருக்கு எழுத்து அவ்வளவாக வராதாம். அவர் படித்த பள்ளியில் கையைக் கட்டிவைத்து உதட்டசைவைப் பார் என்று சொல்லியே காலத்தைக் கழித்துவிட்டார்களாம். மகள் தட்டச்சு செய்தாள்: “எழுத்துல அவர் வேற யாரோ மாதிரி இருக்கார் சார். கையில்தான் அவர் அவரா இருக்கார்.”

பிரச்சினை சாதாரண நலம் விசாரிப்பு அல்ல என்று டீச்சர் சொன்னார். கணவரின் ஒப்பந்தம் முடியப்போகிறது. அச்சக முதலாளி, இருக்கிறாயா போகிறாயா என்று அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார். “அவருக்கு வந்துடணும்னு இருக்கு. இவளுக்கு, இங்க வந்தா வேலை கிடைக்குமான்னு பயம். அதைத்தான் தினம் பேசுறாங்க. முக்கால்வாசி பேசினதும் நின்னுபோயிடுது. மறுநாள் முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க.”

செல்போன் டேட்டாவும் கைகொடுக்கவில்லை. இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவில், கீழ்த்தளத்தில், டவர் எட்டிப் பார்ப்பதில்லை. கேட்டைத் தாண்டி மாவுக்கடை வாசலுக்குப் போனால் கிடைக்கும். மாவு வாங்குகிறவர்கள் முன்னால் நின்றா இதைப் பேச முடியும்?

கேபிள்காரரை டீச்சர் வீட்டுக்கே அழைத்தேன். வந்தவர், “டாப்-அப் போட்டுக்கச் சொல்லு சார்” என்றார். டாப்-அப் விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு நேரில் மஸ்கட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வரலாம் என்றேன். கொஞ்சம் மிகைதான், பாதி வழியாவது போகலாம்.

“அப்ப வேற கம்பெனி லைன் போட்டுக்கட்டும்” என்று நானே தொடர்ந்தேன்.

“அக்ரிமெண்ட்டப் பாரு சார். வேற ஒயர் உள்ள வந்துச்சுன்னா கேமராவக் கழட்டிக்கினு போய்க்கினே இருப்பேன்.”

“இப்படி ஒண்ண வேகமாவும் இன்னொண்ண மெதுவாவும் விடக்கூடாதுன்னு சட்டமே இருக்குல்ல?” என்றார் டீச்சர்.

“சட்டம்லாம் பெரிய கம்பெனிக்கும்மா. நம்ம தெருவுக்கு நாந்தான்.” அவர் இதைத் திமிராகச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

எங்கள் கட்டடத்து மக்களுக்கு ஒரு குணம் உண்டு. நியாயம் கேட்பது என்றால் தயங்குவோம். தர்மம் செய்வது என்றால் முண்டியடித்துக்கொண்டு வருவோம். நான்தான் முதலில் முண்டியடித்தேன். என் வீட்டு வை-ஃபை பாஸ்வேர்டைக் கொடுப்பதாக அறிவித்தேன். அதை என் மனைவியின் எதிரில் சொல்ல வேண்டியிருந்தது. அது தன்னுடைய பெயர் என்றுதான் அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அது ஒரு சுழற்பந்து வீச்சாளரின் பெயர். அன்றைய இரவுச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதற்கில்லை.

என் வீட்டு வை-ஃபை முதல் மாடிப் படிவரைதான் இறங்கும். ஆகவே டீச்சரின் மகள் சாயங்காலங்களில் படியில் உட்கார்ந்து கணவரோடு பேசினாள். சில நாட்களில் என் சிவப்புப் பட்டையும் தீர்ந்தது. பிறகு இரண்டாம் மாடி மாமா தன்னுடையதைத் தந்தார். அவரும் தீர்ந்ததும் மூன்றாம் மாடி. இப்படி, மாதத் தொடக்கத்தில் சொந்த வீட்டில் ஆரம்பிக்கும் பேச்சு, மாடி மாடியாக ஏறி, மாதக் கடைசியில் மொட்டை மாடிக் கதவருகே, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் வந்து நிற்கும். வழிகிற சத்தம் அவர்களைப் பாதிக்கவில்லை. வழிந்த தண்ணீர் பாதித்தது.

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அடையாற்றிலிருக்கிற சம்பந்தி, தி.நகரிலிருக்கிற தங்கை என்று எல்லோருக்கும் போன் போட்டு, எங்கள் பில்டிங்கின் ஒற்றுமையைச் சொன்னோம். ஒருவர் படியில் போட்டுக்கொள்ளத் தலையணை கொடுத்தார். என் மனைவி நடுவில் காபி கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள். சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டீச்சரின் மகள் ஊமையாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் கணவர் பதிலுக்குக் காத்திருந்தார். கைக்குள் டம்ளரைத் திணிப்பது பேசுகிறவர் வாயைப் பொத்துவதற்குச் சமம் என்பது எங்கள் உபசாரத்துக்கு எட்டவில்லை.

பிறகு ஒருநாள் இரண்டாம் மாடி மாமா என்னை ஓரமாக அழைத்தார்.

“சார், நேத்திக்குப் பெரிய சண்டை, தெரியுமோ? அவன் வேலையை விட்டுட்டு வந்துடறேங்கறான். இவ கையை இப்படி ஒரு வெட்டு வெட்டினா பாருங்கோ, அவன் மூஞ்சியைத் திருப்பிண்டுட்டான்.”

“மாமா, உங்களுக்கு சைகை மொழி தெரியுமா?”

“அதெல்லாம் எதுக்கு? மாமி பூஜையில இருக்கறச்சே நான் டிவியை மியூட்ல போட்டுண்டுதானே சீரியல் பார்க்கறேன்? ஒண்ணும் விட்டுப்போறதில்லையே!”

மாமா மட்டும் இல்லை. அந்த மாதத்தில் மாடிப்படியின் நடமாட்டம் கூடியிருந்தது. லிஃப்ட் இருந்தும் பலர் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்கினார்கள். நானும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது.

அதற்குப் பிறகு படியில் அவளைக் காணவில்லை. தலையணை மட்டும் கிடந்தது. இரண்டு மூன்று சாயங்காலம் பார்த்துவிட்டு, எங்கள் தர்மத்தில் என்ன குறை என்று விசாரிக்கக் கீழே போனேன். அவள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள் போல; போனை அப்படியே என் கையில் கொடுத்தாள்.

“சார், எல்லாருக்கும் நன்றி. ஆனா இனிமே நான் படியில் உட்கார மாட்டேன். நீங்க ரகசியம் பேசணும்னா குரலைத் தாழ்த்திக்கலாம். எங்களுக்குத் தாழ்த்திக்க ஒண்ணும் இல்ல. எங்களுக்குக் கதவு வேணும். அவர்கிட்ட நான் அழுதா அது என் வீட்டுல நடக்கணும். நான் உதவி கேக்கல சார். நீங்க கட்டற அதே பணத்தைத்தான் நானும் கட்டறேன். உங்க மேட்ச் கணக்குல வரல. என் புருஷன் மட்டும் ஏன் மத்தது?”

இரண்டு முறை படித்தேன். நகைச்சுவையாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். நல்ல வேளையாக எதுவும் தோன்றவில்லை.

படிக்கு வராத அந்த நாட்களில் கணவர் எழுதித்தான் பார்த்திருக்கிறார். டீச்சர் சொன்னார்: “‘வரவா’ன்னு ஒரே வார்த்தை அனுப்பியிருக்கார் தம்பி. இதுக்கு ஒரே வார்த்தையில எப்படிப் பதில் சொல்லுவா?” முதலாளி கெடு வைத்த மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் கூட்டம் கூட்டினேன். வாடகைக்கு இருப்பவர்கள் எங்கள் கூட்டத்தில் பேசலாம், கை தூக்க முடியாது. வீட்டுச் சொந்தக்காரர்கள் கை தூக்கலாம். பேசாமல் இருந்தால் நல்லது. கேபிள்காரரும் வந்திருந்தார். கீழ்த்தளத்துக்கு வேறு கம்பெனியின் லைனை அனுமதிக்கலாமா என்று விஷயத்தைச் சொன்னேன்.

கேபிள்காரர் எழுந்து பெருந்தன்மையாகச் சொன்னார்: “எதுக்கு சார் சண்டை? அந்தப் பொண்ணு பேசுற ஆப் ஒண்ணுதான? அத்தையும் ஃப்ரீல போட்டுட்றேன். முடிஞ்சிச்சா?”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான் நன்றியுரைக்குத் தயாரானேன். அப்போது மகளின் கைகள் அசைய ஆரம்பித்தன. டீச்சர் பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“வேண்டாங்கறா. நாளைக்கு அவரு வேற ஆப்ல பேசினா? இவ வேலைக்குப் புதுசா ஒண்ணு வந்தா? ஒவ்வொரு தடவையும் இவர்கிட்ட வந்து நின்னு, அண்ணே இதையும் சேருங்கன்னு கேக்கணுமாங்கறா. எது முக்கியம், எது மத்ததுன்னு இவர் எதுக்கு முடிவு பண்ணணும்?” கொஞ்சம் நிறுத்தி, தானாகவே தொடர்ந்தார். “நொச்சிக்குப்பத்துலேர்ந்து மீன் விக்கப் போறவங்களை பஸ்ல ஏத்த மாட்டாங்க. பாத்திருக்கீங்கல்ல? பூக்கூடைன்னா ஏறும்மா, மீன்கூடைன்னா எறங்கும்மா. டிக்கெட் காசு ஒண்ணுதான்.”

“நாத்தம் அடிக்கும்லம்மா” என்றார் கேபிள்காரர்.

“மீன் நாறும். எம்பொண்ணு பேசுறது நாறுதா?”

கேபிள்காரர் உட்கார்ந்துவிட்டார்.

மாமாவுக்கு மனம் ஆறவில்லை. “எல்லாம் சரி, ஆனா கேமராவைக் கழட்டிண்டு போயிடுவாரே. கேட்டை யார் பார்த்துப்பா?”

“ஏன், நீங்கதான் நாள்பூரா பால்கனியில நிக்கிறீங்களே சார்” என்றார் டீச்சர். “போன வாரம் எங்க வீட்டுக்குப் பார்சல் வந்தப்ப, பெட்டிக்குள்ள செருப்புதானேன்னு கேட்டீங்க. செருப்புதான் இருந்துச்சு.”

கூட்டம் சிரித்தது. மாமா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். “வாஸ்தவம்தான். கேமராவுக்கு அந்த அளவு சூட்சுமம் போறாது” என்று சொல்லிவிட்டு முதல் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்கள். சிலர் கடைசிவரை கையைத் தூக்கவில்லை. அவர்கள் வீட்டில் சினிமா அதிகம். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.

கேபிள்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளே கேமரா போனது. கூடவே, “அப்ப ஃப்ரீயும் கட் சார். இனிமே படம், மேட்ச் எல்லாமே கணக்குதான்” என்றார். அதுவரை இந்த விவகாரத்தில் நான் ஒரு தியாகி என்ற எண்ணம் எனக்கு இருந்தது. பத்து நாளில் என்னுடைய டேட்டா முடிந்தது. பந்து வீச்சாளர் ஓடி வந்து, கையை உயர்த்தி, அப்படியே நின்றார். நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். பந்து வரவில்லை. அவர் கை காற்றில் நிற்க நிற்க, நானும் இருக்கையின் நுனியில் தொங்கிக்கொண்டு, இந்த ஒரு பந்துக்கே இப்படி இருக்கிறதே என்று நினைத்தேன். மனைவி உள்ளிருந்து, “பாஸ்வேர்டு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன்” என்றாள்.

கீழ்த்தளத்துக்குப் புது ஒயர் அதற்கு முன்பே வந்துவிட்டது. தீர்மானம் நிறைவேறிய வாரத்திலேயே ஆட்கள் வந்து சுவரில் துளை போட்டார்கள். எந்த ஆப், எதற்கு என்றெல்லாம் கேட்காத லைன். மாதத்துக்கு ஒரே தொகை, அவ்வளவுதான். கணவர் முதலாளிக்குப் பதில் சொல்ல இன்னும் சில நாட்கள் பாக்கியிருந்தன. செயலாளர் என்ற முறையில் வேலையை மேற்பார்வை பார்த்தேன். அதாவது, துளை போடுகிறவருக்கு வெளிச்சம் மறைக்கிற இடத்தில் நின்றேன்.

சாயங்காலம் இணைப்பு வந்ததும் வாசலிலேயே காத்திருந்தேன். நன்றி சொல்வார்கள் என்ற எதிர்பார்ப்பு. ‘இதெல்லாம் என் கடமை’ என்பதைக் கையால் எப்படிச் சொல்வது என்று யோசித்து, நெஞ்சில் கை வைத்துக் குனிவதாக ஒரு முத்திரையைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

கூடத்தில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அவர்கள் வீட்டில் அழைப்பு வந்தால் மணி அடிக்காது, விளக்குதான் துடிக்கும். மகள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் முத்திரையைப் பார்த்தாள். அழகாக ஒரு புன்னகை செய்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நெஞ்சில் வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பினால், டீச்சர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நீங்க உள்ள போகலையாம்மா?”

“என்னையும்தான் வெளிய அனுப்பிட்டா” என்றார் அவர். “எனக்கு அவங்க பேசுறது புரியுமே, அதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, கீரைக்கு வெளிச்சம் வரணும்.”